இருளும் நேரத்தில் கண் மங்கினால்

போன மாதம் தர்சினி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு தோல் கிளினிக்கில் என் இடத்துக்கு வந்த தாதி அவள். சுகம் விசாரித்து முடிந்த பிறகும் வைக்காமல் நின்றாள்.

"அக்கா, இப்ப பெடியள் பருக் குளிசையை ஃபோனிலை ஓடர் பண்ணி எடுக்கினம். சினேகிதி பாவிச்ச மிச்சம் எண்டு வாங்கி விழுங்குதுகள். நேற்று ஒரு பிள்ளை சொண்டு வெடிச்சு ரத்தம் கசிய வந்தது. ரத்தம் சோதிச்சுப் பாத்தனீரோ எண்டு கேட்டால், அது ஏன் எண்டு என்னைக் கேக்குது. நீங்கள் முந்தி ஒவ்வொருத்தரையும் இருத்தி வைச்சுச் சொல்லுவியளாம். எப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு எழுதித் தாங்கோவன். புதுசா வந்த பிள்ளையளுக்கு உதவும்."

எழுதித் தருகிறேன் என்றேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். சொல்ல வேண்டியது எல்லாம் இன்னும் எனக்கு நாக்கு நுனியில் இருக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் மயூரன் வந்து முன்னால் நிற்கிறான். அவனைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

நான் இணுவிலில் தனியாக இருக்கிறேன். கல்யாணம் செய்யவில்லை. அம்மா இருக்கும்வரை அவவைப் பார்த்தேன். தம்பி கனடாவில். பகலில் தொலைபேசி ஒன்றும் வராவிட்டால், பின்னேரம் மரக்கறிக்காரரிடம் விலை கேட்க வாய் திறக்கும்போது குரல் அடைத்துக்கொண்டு வரும். வேலைக்காலம் முழுவதும் கதைத்தே கழித்தவளுக்கு இது பழக இன்னும் கொஞ்சக் காலம் எடுக்கும் போலிருக்கிறது.

மருந்தும் மின்சாரமும் இல்லாத போர்க்காலத்தில் தாதியாகப் படித்து, அதே காலத்தில் வேலை பழகினவர்கள் நாங்கள். அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை விடுதியிலும் பிள்ளைகள் விடுதியிலும் பல வருடம் நின்ற பிறகு என்னைத் தோல் கிளினிக்குக்கு மாற்றினார்கள். "அங்கை ஒருத்தரும் சாகமாட்டினம். உமக்கு இனி நிம்மதி" என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். சாகிறவர்கள் குறைவுதான். ஆனால் அங்கே வருகிறவர்கள் வேறு விதமாக ஒதுங்கிப் போனவர்கள். அவர்களுடைய கோப்பையை வீட்டில் தனியே கழுவி வைப்பார்கள். பஸ்ஸில் பக்கத்துச் சீற்றில் யாரும் இருக்கமாட்டார்கள். அதில் கொஞ்சம் எங்களுக்கும் ஒட்டியது. ஒரு கல்யாண வீட்டில் நான் நீட்டிய பலகாரத் தட்டைப் பெரியம்மாவின் மகள் வாங்கவில்லை. "உங்கை கிளினிக்கிலை எல்லாத்தையும் தொட்டுத்தானே வேலை" என்று சிரித்தாள். பகிடிதான். அதற்குப் பிறகு நான் கல்யாண வீடுகளில் தட்டு நீட்டுவதை விட்டுவிட்டேன்.

எங்கள் வைத்திய நிபுணரின் பெயர் புனிதவதி. நாங்கள் மரியாதையாக 'மடம்' என்று கூப்பிடுவோம். சின்ன உருவம், தாழ்ந்த குரல். அவர் கோபித்து நான் கண்டதில்லை. சிரித்தும் அதிகம் கண்டதில்லை. நோயாளி உள்ளே வந்தால் கொண்டுவந்த துண்டுச்சீட்டை முதலில் பார்க்கமாட்டார். எழுந்து போய்க் கை கழுவுவார், துடைப்பார், கதிரையை இழுத்து முழங்கால் தட்டுப்படுகிற அளவுக்கு நெருங்கி இருப்பார். பிறகு முகத்தில் கை வைப்பார். பரு இருக்கிற இடத்தை மட்டுமல்ல, நெற்றி, கன்னம், தாடையின் கீழ் எல்லாம் விரலால் மெல்லத் தடவிப் பார்ப்பார். முடிந்ததும் திரும்பக் கை கழுவிவிட்டு வந்துதான் கதைப்பார். ஒருநாள் நான், "மடம், கண்ணாலை பாத்தாலே தெரியுமெல்லோ" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியும்" என்றார். "தன்னைத் தொடலாம் எண்டு அவருக்குத் தெரியவேணுமே."

பருவுக்கு முதலில் பூச்சு மருந்துதான் தருவார். பிறகு வேறு குளிசைகள். ஒன்றுக்கும் அடங்காமல் கட்டி கட்டியாய் வந்து தழும்பு விட்டுப் போகிறவர்களுக்கு மட்டும் ஐசோட்ரெட்டினோயின் எழுதுவார். அதை எழுதுகிற அன்றைக்கு அவசரம் இருக்காது. வெளியே நீள வாங்கில் நிறைய ஆட்கள் காத்திருந்தாலும் சரி. தான் ஒருமுறை சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் என் மேசைக்கு அனுப்புவார். நான் இரண்டாம் முறை சொல்லவேண்டும். கேட்டவர் பிறகு தன் வாயால் எனக்குத் திருப்பிச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் மருந்து இல்லை.

நான் சொல்லும் முறை இதுதான். இது மேலே பூசுகிற மருந்து இல்லை, உடம்பு முழுக்கப் போகிற மருந்து. அதனால் உடம்பு முழுக்கக் காயும். முதலில் சொண்டு காய்ந்து உதட்டுத் தோல் வெடிக்கும், வசிலினைப் பையிலேயே வைத்திரும். மூக்குக்குள் காய்ந்து ரத்தம் வரலாம், கண் கரகரக்கலாம், வெயில் சுடும். தொடக்கத்தில் பரு கூடலாம், அதற்குப் பயந்து விடவேண்டாம். வெறும் வயிற்றில் எடுக்காமல் சாப்பாட்டோடு எடும். ஈரலும் கொழுப்பும் எப்படி இருக்கிறது என்று பார்க்க இடைக்கிடை ரத்தம் எடுப்போம், அதற்கு ஒளிக்கவேண்டாம். மூட்டு நோகலாம். பெரிய வலை இழுக்கிறவர், மண்வெட்டி பிடிக்கிறவர் என்றால் அது இன்னும் தெரியும். விற்றமின் ஏ என்று யாரும் எதுவும் தந்தால் சேர்க்கவேண்டாம். இந்த மருந்து எடுக்கும்வரையும் விட்டு ஒரு மாதம் வரையும் ரத்ததானம் செய்யக்கூடாது, ஏனென்றால் அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். காரணம் இல்லாமல் மனம் இருண்டு, சாப்பாட்டிலும் கதையிலும் பிடிப்பில்லாமல் போனால் வந்து சொல்லும். கடுமையான தலையிடி வந்தாலும் அப்படித்தான். இருளும் நேரத்தில் கண் மங்கலாம். மெல்ல மெல்ல வரலாம், திடீரென்றும் வரலாம். வந்தால் அன்றைக்கே மருந்தை நிறுத்திவிட்டு இங்கே வாரும்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னொன்று இருந்தது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இந்த மருந்து போனால் அந்தப் பிள்ளை மிக மோசமான குறைகளோடு பிறக்கலாம். அதனால் தொடங்க முதல் சோதிக்கவேண்டும். எடுக்கும் காலத்திலும், விட்டு ஒரு மாதம் வரையும் கரு தங்காமல் பார்க்கவேண்டும். இதை யாழ்ப்பாணத்தில் ஒரு தாய்க்கு முன்னால் மகளிடம் சொல்லிப் பாருங்கள். சண்டிலிப்பாயிலிருந்து ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்திருந்தது, அதற்குள் முகம் தெளியவேண்டும். மடம் தாயை வெளியே இருக்கச் சொன்னார். தாய் எழும்பவில்லை.

"இவள் குமர்ப்பிள்ளை, டொக்டர். இவளிட்டை உதெல்லாம் கேக்கவேண்டிய தேவை இல்லை."

"எல்லாரிட்டையும் கேக்கிறதுதான், அம்மா" என்றார் மடம். "மற்றவையைக் கேக்காமல் விட்டிட்டு ஒரு பிள்ளையிட்டை மட்டும் கேட்டால்தான் அந்தப் பிள்ளையைச் சந்தேகப்பட்ட மாதிரி."

தாய் யோசித்துவிட்டு வெளியே போனார். அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு அந்த மருந்து எழுதவில்லை. கல்யாணம் அவ்வளவு கிட்ட இருந்தது. அவள் என் மேசையில் வந்திருந்து, "மிஸ்ஸி, மேக்கப் போட்டால் கல்யாணப் படத்திலை முகம் வேறை மாதிரி வருமெல்லோ" என்று மட்டும் கேட்டாள். வரும் என்றேன்.

மயூரன் வந்தது அதற்குப் பிறகுதான். ஊர் வல்வெட்டித்துறை. இருபத்தைந்துக்குள் இருக்கும். கொதிக்கிற வெயிலில் நீளக்கைச் சேட்டைக் கழுத்துவரை பூட்டி, மேலே துவாயும் போட்டுக்கொண்டு வாங்கிலின் அந்தத்தில் இருந்தான். உள்ளே வந்து சேட்டைக் கழற்றச் சொன்னபோது கழற்ற முடியவில்லை. முதுகில் கட்டிகள் உடைந்து துணியோடு ஒட்டியிருந்தன. நான் உப்புநீரால் நனைத்து நனைத்துத்தான் எடுத்தேன். அவன் சத்தம் போடவில்லை. "கடலிலையும் சேட்டோடைதான் நிக்கிறனான், மிஸ்ஸி. தண்ணி அடிச்சால் எரியும்" என்றான். பதினேழு வயதில் தொடங்கினதாம். தாய் தகப்பன் இல்லை. அக்காவோடு இருக்கிறான். அக்காவின் புருஷன் இராசன் படகு வைத்திருக்கிறார். அத்தானும் அவனும் சேர்ந்துதான் தொழிலுக்குப் போகிறார்கள்.

மடம் கை கழுவிவிட்டு வந்து அவன் கன்னத்தைத் தொட்டபோது கண்ணை மூடிக்கொண்டான். மடம் கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை.

"இரவிலை கடலுக்குப் போறனீரோ?" என்று மடம் கேட்டார்.

"இல்லை, டொக்டர். நாங்கள் விடிஞ்சாப் பிறகுதான்."

அது பொய். வெளியே வாங்கிலில் ஒரு பஸ் சாரதி, தனக்கு இரவு ஓட்டம் என்றபடியால் டொக்டர் அந்தக் குளிசையைத் தர யோசிக்கிறார் என்று பக்கத்து ஆளிடம் சொன்னதை இவன் கேட்டிருக்கிறான். இதை எங்களுக்குப் பின்னாளில்தான் சொன்னான். அன்றைக்கு என் மேசையில் நான் சொன்னதை எல்லாம் ஒன்றும் விடாமல் திருப்பிச் சொன்னான். கண் மங்குவதையும் சொன்னான்.

மருந்து அவனுக்கு நன்றாகப் பிடித்தது. இதைச் சொல்லியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் நான் மருந்தைப் பழி சொல்வதாகப் போய்விடும். எத்தனையோ பேருக்கு அந்த மருந்து முகத்தைத் திருப்பிக் கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன். மயூரனுக்குச் சொண்டு வெடித்தது, மூட்டு நொந்தது, மற்றப்படி ரத்தம் எல்லாம் சரி. முதுகு காய்ந்தது. மூன்றாம் தரம் வந்தபோது அரைக்கைச் சேட்டு. துவாய் இல்லை. இருந்த உடனே, நான் கேட்காமலே சொன்னான்.

"சலூனுக்குப் போனனான், மிஸ்ஸி. முந்தி எனக்குச் சவரம் செய்யமாட்டன் எண்டு திருப்பி விட்டவர். இந்த முறை ஒண்டும் சொல்லாமல் துண்டைப் போர்த்தினார்."

"நல்லது. பின்னேரம் இருளேக்கை கண் எப்பிடி?"

"நல்லாத் தெரியுது."

ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பதில்.

பிறகு ஒரு கிளினிக் திகதிக்கு வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து, கிளினிக் இல்லாத ஒரு நாள், மத்தியானம் போல வந்தான். நான் சாமான்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றான். உள்ளே வா என்ற பிறகுதான் வந்தான். முகம் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவான முகத்தை நான் முதல்முறை சரியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நல்ல வடிவான பெடியன்.

"மிஸ்ஸி, நீங்கள் சொன்னது நடந்திட்டுது" என்றான்.

பொழுதுபட்டால் எல்லாம் சாம்பல் பூசின மாதிரி ஆகிக் கொஞ்சக் காலம் என்றான். கடலில் நிற்கும்போது கரை வெளிச்சங்களில் எது எது என்று பிடிபடாது. வலை போடுவதும் இழுப்பதும் கைப் பழக்கத்தில் செய்துவிடுவான். இஞ்சினை எப்போதும் அத்தான்தான் பிடிப்பார், அதனால் தப்பியது. ஒருநாள் அத்தானுக்குக் காய்ச்சல் போல இருந்தது. விடிய முதல் கரைக்குத் திரும்பும்போது, "நீ பிடி, நான் கொஞ்சம் சாயிறன்" என்று இஞ்சினை இவனிடம் கொடுத்துவிட்டார். அந்தக் கரையில் கடலுக்குள் கிடக்கிற முருகைக் கற்களுக்கு நடுவே படகு வர வெட்டிய வழி ஒன்று இருக்கிறது. வான் என்பார்கள். பிறந்த நாள் தொட்டுப் பழகிய வழி. இவன் அதைக் கண்டுபிடிக்கவில்லை. படகு கல்லில் ஏறிச் சரிந்தது. அத்தான் கல்லுக்கும் படகுக்கும் நடுவே விழுந்தார். தொடை எலும்பு உடைந்து, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே எலும்பு முறிவு விடுதியில் படுத்திருந்தார்.

"கண் தெரியேல்லை எண்டு அத்தானிட்டைச் சொல்லியிருக்கலாமே, தம்பி."

"சொன்னால் மருந்தை விடச் சொல்லுவினம்."

மருந்தை நிறுத்தச் சொல்லி, மடத்திடம் கூட்டிப் போனேன். மடம் ஒரு குறையும் சொல்லாமல் கேட்டார். தானே கண் பிரிவுக்கு அவனோடு நடந்து போனார். அங்கே பார்த்துவிட்டு, இருட்டில் பார்வை குறைந்திருக்கிறது, மருந்தினால்தான் போலிருக்கிறது என்றார்கள்.

போகும்போது என்னிடம் சொன்னான். "வீட்டிலை ஒருத்தருக்கும் தெரியவேண்டாம், மிஸ்ஸி. நான் குடிச்சிட்டுப் படகு ஓட்டினதெண்டு ஊர் கதைக்குது. கதைக்கட்டும்."

"ஏன் அப்பிடிச் சொல்லுறீர்?"

"குடிச்சவனை ஒரு நாளைக்கு மன்னிப்பினம். முகத்துக்கு மருந்து விழுங்கி அத்தானை முறிச்சவனை ஆர் மன்னிப்பினம்?"

அந்தக் கிழமை முடிவதற்குள் அவன் அக்கா வந்தார். நான் அவரை முன்பு கண்டதில்லை. கையில் சாப்பாட்டுப் பெட்டி, புருஷனுக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். சீலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு முன்னால் நின்றார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"நீங்கள்தானே என்ரை தம்பியைப் பாக்கிற மிஸ்ஸி. அவன் உங்களைப் பற்றி வீட்டிலை கதைக்கிறவன். ஒண்டு கேக்கிறன், சொல்லுங்கோ. அவன் குடிக்கிறவனோ? உங்களுக்கு ரத்தத்திலை தெரியுமெல்லோ."

"அக்கா, அவரைப் பற்றின எதையும் அவரிட்டைக் கேளாமல் நான் சொல்லேலாது."

"கேட்டனான். ஓம் எண்டான். தலையைக் குனிஞ்சுகொண்டு ஓம் எண்டான். ஆனால் அவன்ரை வாயிலை ஒருநாளும் நான் மணக்கேல்லை. நான் வளத்த பிள்ளை." கொஞ்சம் நிறுத்தினார். "நான் அவனோடை கதைக்கிறதை விட்டிட்டன். சாப்பாட்டை மூடி வைச்சிட்டுப் போறன். அவன் தனிய இருந்து சாப்பிடுறான். நான் செய்யிறது சரியோ பிழையோ எண்டாவது சொல்லுங்கோவன்."

எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு வசனம் போதும். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. "இருங்கோ, ஒரு தேத்தண்ணி எடுப்பம்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிடக் களைப்புத்தான் இருந்தது.

"நீங்களும் ஒண்டும் சொல்லமாட்டியள்" என்று சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பெடியனுடைய ரகசியம் என் வாயில் கல்லுப் போல இருந்தது. விடுதிகளில் வேலை செய்யும்போது இறப்புகளை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறேன். இதை அம்மாவிடமும் சொல்ல முடியாது. என்ன பிள்ளை, சாப்பாடு இறங்கேல்லையோ என்று அம்மா கேட்டார். தலையிடி என்றேன்.

அடுத்த நாள் மடத்திடம் நடந்ததைச் சொன்னேன். பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்கள் சொல்லாமல் விட்டது சரி" என்றார். பிறகு, "அவனுக்கு நாங்கள் எல்லாத்தையும் சொன்னனாங்கள். கண் மங்கினால் வந்து சொல்லு எண்டும் சொன்னனாங்கள். சொல்லுறதுக்கு அவனுக்கு ஆர் இருக்கினம் எண்டு கேக்கேல்லை" என்றார். என்னைக் குறை சொல்லவில்லை, தன்னையும் சொல்லவில்லை. ஒரு நோய்க்குறியைக் கண்டு சொல்வதுபோலச் சொன்னார்.

அவனை நான் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தேன். எடுக்கவில்லை. பின்னேரம் மடம் தன் தொலைபேசியால் அழைத்தார். தெரியாத இலக்கம் என்று எடுத்திருப்பான். கண்ணைத் திரும்பப் பார்க்கவேண்டும், நாளைக்கு வாரும் என்றார். வந்தான்.

கண்ணைப் பார்த்து முடிய, மடம் கதிரையை அவனுக்கு நெருக்கமாக இழுத்தார்.

"தம்பி, இந்த மருந்தை எழுதினது நான். கண் மங்கினது அந்த மருந்தாலை. இதை உம்மடை அக்காவுக்கும் அத்தானுக்கும் சொல்ல நான் ஆயத்தம். ஆனால் நீர் ஓம் எண்டால்தான் சொல்லலாம். இல்லை எண்டால் நானும் மிஸ்ஸியும் சாகும்வரைக்கும் சொல்லமாட்டம். ரெண்டும் எங்களாலை ஏலும்."

அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலைக்கயிறு அறுத்த தழும்புகள். வெளியே யாரோ இலக்கத்தைக் கூப்பிட்டார்கள், யாரோ எழும்பிப் போனார்கள்.

"டொக்டர் சொன்னால் எனக்காகச் சொல்லுறியள் எண்டு நினைப்பினம்" என்றான் கடைசியில். "நானே சொல்லுறன். நீங்கள் பக்கத்திலை நிண்டால் போதும்."

நோயாளரைப் பார்க்க விடுகிற மத்தியான நேரம் போனோம். மடம் வேறு பிரிவு விடுதிக்குள் இப்படிப் போவதை நான் அதற்கு முன் கண்டதில்லை. இராசன் பெரிய உடம்புக்காரர். காலைக் கட்டித் தூக்கி, பாரம் போட்டிருந்தார்கள். அக்கா கட்டிலின் விளிம்பில் இருந்து சோறு குழைத்து அவருக்குத் தீத்திக்கொண்டிருந்தார். தம்பியைக் கண்டதும் கையை நிறுத்தினார், முகத்தைத் திருப்பினார்.

மயூரன் கட்டிலின் கால்மாட்டில் நின்றான்.

"அத்தான், நான் குடிக்கேல்லை. எனக்குக் கண் தெரியேல்லை."

மடம் மூன்று நான்கு வசனத்தில், என்ன மருந்து, ஏன் கொடுத்தது, அது கண்ணை என்ன செய்யும் என்று சொன்னார். ஒன்றையும் மென்மையாக்கவில்லை.

"எவ்வளவு காலமாய்?" என்று அக்கா கேட்டார். தம்பியைப் பார்க்காமல் கேட்டார்.

"கொஞ்சக் காலமாய்."

"சொல்லேல்லை."

"ஓம். சொல்லேல்லை."

இராசன் விட்டத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். அவர் சத்தம் போடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். போட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் தலையை மட்டும் மடத்தின் பக்கம் திருப்பினார்.

"இவனுக்குக் கண் திரும்பி வருமோ, டொக்டர்?"

"வருமெண்டுதான் நினைக்கிறன். மருந்தை விட்டால் அனேகம் பேருக்கு வாறது. சிலருக்குக் கொஞ்சம் சுணங்கும்."

"அப்ப சரி" என்றார். பிறகு மயூரனிடம், "உதிலை நிக்காதை. இஞ்சாலை வந்து இரு" என்றார். இருப்பதற்கு இடம் இல்லை. அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான்.

அக்காவுக்கு அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. சோற்றுக் கையோடு எழும்பிப் போய், விடுதியின் கோடியில் இருந்த குழாயில் கனநேரம் கை கழுவினார். நாங்கள் வெளியே வரும்போது என் பின்னால் வந்தார்.

"நீங்கள் அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், நான் இவ்வளவு நாளும் அவனைத் தனியச் சாப்பிட விட்டிருக்கமாட்டன்."

தலையசைத்தேன். அவர் திரும்பிப் போய்விட்டார். மடம் நேரே எங்கள் கிளினிக்குக்குத் திரும்பினார். உள்ளே போய்க் கை கழுவினார். "அடுத்த ஆளை வரச் சொல்லுங்கோ" என்றார்.

அவனுக்குக் கண் திரும்பி வந்தது. மெல்லத்தான் வந்தது. அது முழுதும் சரியாகும்வரை அவன் பகலில் கரையில் வலை தெரிந்து, சிக்கின மீனைக் கழற்றிக் கொடுத்தான், கடலுக்குப் போகவில்லை. இராசன் ஊன்றுகோலோடு வீட்டுக்குப் போனார். பருவும் கொஞ்சம் திரும்பி வந்தது, முன்னைய அளவுக்கு இல்லை. "இனி முகம் இப்பிடியே இருக்கட்டும், டொக்டர்" என்றான் ஒருநாள். மடம் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பிடி ஏன் தண்டனை குடுக்கிறீர்? உமக்கு அந்த மருந்து சரிவராது, அவ்வளவுதான். வேறை மருந்து இருக்கு" என்று எழுதிக் கொடுத்தார். அதைப் பாவித்து ஓரளவு அடங்கியது. பிறகு கிளினிக்குக்கு வருவது நின்றது.

அதற்குப் பிறகு நான் என் மேசையில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன். தர்சினி, நீர் கேட்டதில் உமக்குத் தெரியாதது இது ஒன்றாகத்தான் இருக்கும். மற்றதெல்லாம் மருந்துப் பெட்டிக்குள் இருக்கிற தாளிலும் இருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லி, அவர்கள் திருப்பிச் சொன்ன பிறகு, "உதிலை ஒண்டு உமக்கு வந்தால், வீட்டிலை முதல் ஆரிட்டைச் சொல்லுவீர்?" என்று கேட்பேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும். சிலர் உடனே அம்மா என்பார்கள், அண்ணை என்பார்கள். சிலர் யன்னலைப் பார்ப்பார்கள். யன்னலைப் பார்க்கிறவர்களைக் கவனியும். அவர்களுக்குத் தொலைபேசி இலக்கத்தைக் கொடும், திகதிக்கு வராவிட்டால் நீரே தொலைபேசி எடும்.

ஓய்வு பெற்ற அடுத்த வருடம் எனக்கு ஒருநாள் குளியலறையில் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது. அம்மாவும் இல்லை. கனடாவில் அப்போது விடியவில்லை. சுற்று நின்றதும் போய்க் கட்டிலில் படுத்தேன். அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

இந்த வருடம் மாசியில், என்னோடு படித்த தாதி ஒருத்தி வல்வெட்டித்துறையில் இறந்துபோனாள். செத்தவீட்டுக்குப் போய்விட்டு, பின்னேரம் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வரவில்லை. நின்ற ஆட்கள் ஒவ்வொருவராகக் கிடைத்த வாகனத்தில் போய்விட்டார்கள். கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மீன் பெட்டி கட்டின மோட்டார் சைக்கிள் ஒன்று என்னைக் கடந்து போய், நின்று, திரும்பி வந்தது.

"மிஸ்ஸியெல்லோ? என்னைத் தெரியுதோ?"

முகத்தில் பழைய தழும்புகள், தாடி. குரலில்தான் பிடித்தேன். "மயூரன்" என்றேன்.

"இனி பஸ் வராது. ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறன்."

"இணுவில் வரைக்கும் போகவேணும், தம்பி. நல்ல தூரம். இருளுது."

"இருளட்டும். எனக்கு இப்ப எல்லாம் தெரியும்" என்று சிரித்தான்.

மீன் பெட்டியைக் கழற்றித் தெரிந்த கடையொன்றில் வைத்துவிட்டு வந்தான். தொண்டைமானாறு கடந்து அச்சுவேலிப் பக்கம் வரும்போது நன்றாக இருண்டுவிட்டது. மீன் மணம் அடிக்குதோ மிஸ்ஸி என்று ஒருமுறை கேட்டான். இல்லை என்றேன். அத்தானுக்குக் கால் கொஞ்சம் கட்டை, ஆனாலும் கடலுக்கு வருவார் என்றான். இப்போது இஞ்சினை இவன்தான் பிடிக்கிறானாம்.

"அக்கா கதைக்கிறாவோ?"

"அவ கதைக்கத் தொடங்கினால் பிறகு நிப்பாட்டேலாது. முதல்தான் ஒரு வருசம் எடுத்தது." கொஞ்ச தூரம் போன பிறகு சொன்னான். "உங்களிலையும் கோவம்தான் அவவுக்கு. இப்பவும் சொல்லுவா. ஆனால் நீங்கள் அண்டைக்குச் சொல்லாமல் விட்டபடியால்தான் நான் திரும்ப உங்கை வந்தனான், மிஸ்ஸி."

காற்றில் எனக்குச் சரியாகக் கேட்டதா என்று தெரியவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை.

எங்கள் ஒழுங்கையில் விளக்கு இல்லை. கேற்றடியில் நிறுத்தினான். உள்ளே வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போ என்றேன். விடிய முதல் கடலுக்குப் போகவேணும், மிஸ்ஸி, இன்னொரு நாள் என்றான். வீட்டைப் பார்த்தான்.

"வீட்டிலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, தம்பி. நான்தான்."

அவன் தலையாட்டிவிட்டு மோட்டார் சைக்கிளிலேயே இருந்தான். நான் கேற்றைச் சாத்திவிட்டு, முற்றத்தைக் கடந்து, பையில் திறப்பைத் தேடிக் கதவைத் திறந்தேன். உள்ளே போய்ச் சுவரைத் தடவி விளக்கைப் போட்டேன். அதன் பிறகுதான் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் வெளிக்கிட்ட சத்தம் கேட்டது.